மகனுக்கு 17 வயது. குழந்தைகள் பிரிவிலிருந்து அடல்ட் சோஷியல் கேருக்கு மாறுவது எப்படி? (இங்கிலாந்து)

மழைத்துளி:

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்குப் போன மாதம் 17 ஆனது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, வலிப்பு மூன்றும் உண்டு. பேச்சு மிகக் குறைவு. பத்துப் பதினைந்து சொற்கள் சொல்வான், மற்றதெல்லாம் படங்கள்தான். சிறப்புப் பள்ளியில் படிக்கிறான். கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) குழந்தைகள் பிரிவிலிருந்து, உதவியாளரை நாங்களே வைத்துக்கொள்ள, வாரத்துக்கு 6 மணி நேரத்துக்கு டைரக்ட் பேமென்ட் என்று பணம் வருகிறது. மாதத்தில் 2 இரவு ரெஸ்பைட் வீட்டில் (வீட்டாருக்கு ஓய்வு கிடைக்கப் பிள்ளையைத் தங்கவைக்கும் இடம்) தங்குகிறான். அந்த இரண்டு இரவுதான் நானும் என் கணவரும் விடியும்வரை தூங்குவது.

போன வாரம் எங்கள் சோஷியல் வொர்க்கர் கூப்பிட்டு, 18-வது பிறந்தநாளோடு தங்கள் பக்கத்தில் கோப்பை மூடிவிடுவோம் என்றார். உடனே பெரியவர்களுக்கான பிரிவான அடல்ட் டீமுக்குப் போன் போட்டேன். "18 ஆனதும் கூப்பிடுங்கள்" என்றார்கள். ஒருவர் அன்றைக்கு மூடுகிறார், இன்னொருவர் அன்றைக்குத்தான் திறக்கவே போகிறார். நடுவில் என் பிள்ளையை யார் பார்ப்பது?

இந்த மாற்றத்தைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

பனங்கூடல்:

தங்கச்சி, என்ரை மகளுக்கு இப்போது 22. டவுன் சின்ட்ரோம். நாங்கள் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைச் செய்யக்கூடாது.

மகளின் தேவைகளை மதிப்பிட, அசெஸ்மென்டுக்குக் கவுன்சிலிலிருந்து வந்த பிள்ளை நல்ல பிள்ளை. தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். குளிப்பாளா? ஓம். சாப்பிடுவாளா? ஓம். இரவில் கஷ்டம் இருக்கிறதா? "பிரச்சினை இல்லை, நாங்கள் பார்த்துக்கொள்வோம்." அன்றைக்கு என் மனைவி அந்த வசனத்தை எத்தனை தரம் சொன்னா என்று எண்ணவில்லை. நானும் சொன்னேன். வீட்டுக்கு வந்தவரிடம் குறை சொல்லிப் பழக்கமில்லாத ஆட்கள் நாங்கள். பிள்ளையைப் பாரம் என்று சொல்வதாகிவிடுமோ என்ற பயமும் இருந்தது.

ஆறு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. தகுதியான தேவை எதுவும் இல்லையாம். நாங்கள் சொன்னதையே எங்களுக்குத் திருப்பி எழுதியிருந்தார்கள். அதை மாற்றி எழுதவைக்க ஒரு வருசத்துக்கு மேல் போனது. அந்த வருசத்தில்தான் மனைவிக்கு முதுகில் ஒப்பரேசன்.

அந்த வசனத்தை மட்டும் சொல்லாதீர்கள்.

கரையோரம்:

நான் கவுன்சில் ஒன்றின் அடல்ட் டீமில் சோஷியல் வொர்க்கராக இருக்கிறேன். எந்தக் கவுன்சில் என்பது இங்கே தேவையில்லை. நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் சட்டம் வேறு.

மழைத்துளி அக்கா, உங்களிடம் சொன்ன இரண்டுமே சரியில்லை.

முதலில், "18 ஆனதும் கூப்பிடுங்கள்" என்றது. 2014-ஆம் ஆண்டின் கேர் ஆக்ட், பிரிவு 58. ஒரு பிள்ளைக்கு 18-க்குப் பிறகும் பராமரிப்புத் தேவை இருக்கக்கூடும், இப்போதே மதிப்பீடு செய்வதால் குறிப்பிடத்தக்க நன்மையும் உண்டு என்றால், 18-க்கு முன்னதாகவே கவுன்சில் மதிப்பீடு செய்தாக வேண்டும். இத்தனை வயதில் என்று சட்டம் ஒரு எண்ணைப் போடவில்லை. பிள்ளைக்குப் பிள்ளை மாறும் என்றே விட்டிருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதனால் போனில் கேட்காதீர்கள். "கேர் ஆக்ட் பிரிவு 58-ன் கீழ் மதிப்பீடு கோருகிறேன்" என்று ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். கூடவே பிரிவு 60-ஐயும் சேருங்கள், அது பெற்றோராகிய உங்களுக்கான மதிப்பீடு. உங்கள் தூக்கமும் உங்கள் வேலையும் அதில்தான் வரும்.

அடுத்தது, பிறந்தநாளன்று கோப்பை மூடுவது. பிரிவு 66 இதற்காகவே எழுதப்பட்டது. அடல்ட் பக்கம் மதிப்பீட்டை முடித்து, என்ன தருகிறோம் அல்லது ஏன் தரவில்லை என்று முடிவு சொல்லும்வரை, குழந்தைகள் பிரிவிலிருந்து வரும் உதவி நிற்கக்கூடாது. பிள்ளைக்கு 18 தாண்டியிருந்தாலும் அப்படித்தான். நடுவில் பள்ளம் விழக்கூடாது என்றுதான் அந்தப் பிரிவே இருக்கிறது.

பனங்கூடல் அண்ணா சொன்னதைப் பற்றியும் ஒன்று. தகுதி உண்டா இல்லையா என்று முடிவு செய்யும்போது, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுக்கக்கூடாது. அம்மா இல்லாவிட்டால் இவருக்கு என்ன முடியாது என்றுதான் பார்க்க வேண்டும். எந்தத் தேவையை வீட்டார் மனமுவந்து செய்கிறார்கள் என்பது அதற்குப் பிறகு, திட்டம் போடும்போது வரும் கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடும் சக ஊழியர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மழைத்துளி:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. மின்னஞ்சல் இப்போதே அனுப்பிவிட்டேன்.

ஒரு சந்தேகம். பள்ளி அறிக்கையில் "ஜாக்கெட்டைத் தானே போட்டுக்கொள்வான்" என்று இருக்கிறது. அது பொய்யும் இல்லை. ஆனால் ஜாக்கெட்டைக் கட்டிலில் விரித்து, கழுத்துப் பக்கம் அவனைப் பார்த்து இருக்கும்படி வைத்து, வலது கையைத் தொட்டுக் காட்டினால்தான் போடுவான். இடது கை போனதும் நின்றுவிடுவான். மறுபடி சொல்ல வேண்டும். ஜிப்பை நான் அரை அங்குலம் ஏற்றிவிட்டால் மீதியை இழுப்பான். இதை "போட்டுக்கொள்வான்" என்பதா, "மாட்டான்" என்பதா?

கரையோரம்:

இப்போது எழுதினீர்களே, அப்படியே எழுதிக் கொடுங்கள். ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம்.

விதிகளில் 10 விஷயங்கள் இருக்கின்றன. சாப்பாடு, தன்சுத்தம், கழிப்பறை, உடை, வீட்டில் பாதுகாப்பாக இருப்பது, வீட்டைப் பராமரிப்பது, உறவும் நட்பும், படிப்பு அல்லது வேலை, வெளியிடங்களுக்குப் போய்வருவது, தன் பொறுப்பில் குழந்தை இருந்தால் அதைப் பார்த்துக்கொள்வது. இவற்றில் இரண்டிலாவது முடியாத நிலை இருந்து, அதனால் வாழ்க்கை நலனில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இருந்தால் தகுதி உண்டு. அந்த நிலை உடல் அல்லது மனக் குறைபாட்டிலிருந்தோ நோயிலிருந்தோ வந்ததாக இருக்க வேண்டும்.

"முடியாது" என்பதில் இவையும் அடங்கும்: யாராவது பக்கத்தில் நின்று ஞாபகப்படுத்தினால்தான் முடியும், முடியும் ஆனால் வலி அல்லது பதற்றத்தோடு, முடியும் ஆனால் ஆபத்தாக, முடியும் ஆனால் மற்றவர்களைவிட மிக அதிக நேரம் எடுத்து. உங்கள் மகனின் ஜாக்கெட் முதல் வகை. கழுத்துப் பக்கத்தைத் திருப்பி வைக்க ஓர் ஆள் இல்லாவிட்டால் அவன் குளிரில் சட்டையோடு நிற்பான்.

7 நாள் குறிப்பு எழுதுங்கள். காலை எழுந்ததிலிருந்து, யார் என்ன செய்தார்கள், எத்தனை முறை சொன்னீர்கள், இரவில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள். நல்ல நாளையும் எழுதுங்கள், மோசமான நாளையும் எழுதுங்கள்.

பனங்கூடல்:

இரண்டாவது தரம் நாங்கள் செய்ததும் இதுதான். மனைவி கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தா. செவ்வாய் இரவு 1.10, 2.45, 4.30. சோஷியல் வொர்க்கர் அந்தத் தாளை மட்டும் கையில் எடுத்துக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாய்நாற்காலி:

வணக்கம். எனக்கு 24 வயது, செரிப்ரல் பால்சி, பவர் வீல்சேர். பேச்சு தெளிவாக வராது, தட்டச்சு செய்வேன். இந்த இழையை இரண்டு முறை படித்தேன். எல்லாரும் பெற்றோர்கள். எங்களில் ஒருவராவது பேச வேண்டும் என்று தோன்றியது.

என் மதிப்பீட்டில் ஒன்றரை மணி நேரம் எல்லாரும் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் என் பக்கம் திரும்பி, குழந்தையிடம் கேட்பதுபோல் "ஆர் யூ ஹேப்பி?" என்றார்கள். நான் பதிலை அடித்து முடிப்பதற்குள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. காலையில் 7 மணிக்கு என்னைக் குளிப்பாட்ட வரும் ஏஜென்சி ஆள் இரவு 8 மணிக்கே படுக்கையில் போட்டுவிட்டுப் போவதை நான் விரும்பவில்லை. எனக்கு அப்போது 18. எந்த 18 வயதுப் பையன் 8 மணிக்குத் தூங்குகிறான்?

மென்டல் கெப்பாசிட்டி ஆக்ட் 2005 என்று ஒன்று இருக்கிறது. 16 வயதிலிருந்தே பொருந்தும். ஒருவரால் முடிவெடுக்க முடியும் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். முடியாது என்று சொல்வதற்கு முன்னால் இயன்ற எல்லா உதவியும் செய்து பார்த்திருக்க வேண்டும். நான் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை என்பதற்காக எனக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று சொல்லக்கூடாது. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே படித்தேன்.

ஆன்ட்டி, உங்கள் மகனுக்குப் பத்துச் சொல்தான் என்றீர்கள். படங்கள் தெரியும் என்றும் சொன்னீர்கள். அப்படியென்றால் அவனிடம் படங்களால் கேளுங்கள். அவன் போகும் இடங்கள், அவனோடு வரும் ஆட்கள், செய்யும் வேலைகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அவன் முன்னால் வையுங்கள். மதிப்பீட்டு நாளில் புதிதாக வரும் ஆள் முன்னால் வேண்டாம். அதற்கு முன்னாலேயே, அவனுக்குப் பழகிய நேரத்தில், இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். அவன் செய்வதை எழுதி வையுங்கள்.

மழைத்துளி:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பதில் எழுத முடியவில்லை. 17 வருடமாக அவனுக்காக நான் பேசுகிறேன். அவனிடம் கேட்டேனா என்றால், இல்லை. இந்த வாரமே தொடங்குகிறேன்.

வாசல்படி:

நான் ஒரு தாத்தா. பேத்திக்கு 19 வயது. எல்லாரும் இப்படி ஆளுக்கொரு சட்டப் பிரிவு சொல்வதைப் பார்த்தால் எனக்கு வேறொரு கவலை வருகிறது. 18 ஆனதும் தனி வீடு, சப்போர்ட்டட் லிவிங் (உதவியாளர்களோடு தனியாக வசிப்பது) என்று ஆசை காட்டி, கடைசியில் பிள்ளையை நம் கையிலிருந்து எடுத்துவிடுவார்களோ? பேத்தியின் சோஷியல் வொர்க்கர் போன வாரம் அந்தப் பேச்சைத்தான் எடுத்தார். இவள் பிறந்ததிலிருந்து என் மடியில் வளர்ந்தவள். நம் வீட்டில் யாரையும் வெளியில் விட்டுப் பழக்கமில்லை.

பனங்கூடல்:

ஐயா, உங்கள் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் சப்போர்ட்டட் லிவிங் கட்டாயம் இல்லை. வீட்டில் இருந்தபடியே உதவி வாங்கலாம். என்ரை மகள் இன்றும் எங்களோடுதான் இருக்கிறாள். கிழமைக்கு மூன்று நாள் ஒரு பிஏ (தனி உதவியாளர்) வருவா, ஒரு நாள் தோட்ட வேலைத் திட்டம் ஒன்றுக்குப் போவாள்.

ஆனால் ஐயா, மற்றதையும் சொல்கிறேன். எனக்கு 61. மனைவிக்கு 58. எங்களுக்குப் பிறகு என்ன என்ற கேள்வியை நாங்கள் உயிரோடும் சுகத்தோடும் இருக்கும்போதே யோசிக்க வேண்டும். இரவு 2 மணிக்கு எங்களில் ஒருவரை அம்புலன்ஸில் ஏற்றினால், அன்று இரவே முன்பின் தெரியாத வீட்டுக்கு அவளைக் கொண்டுபோய் விடுவார்கள். அதற்கு முதல் மெதுவாகப் பழக்க வேண்டும் என்று இப்போது மாதம் ஒரு தரம் ஒரு குடும்பத்தோடு தங்கவிடுகிறோம். ஷெயர்ட் லைவ்ஸ் என்று சொல்வார்கள். முதல் இரண்டு தரமும் அழுதாள். இப்போது பையைத் தானே அடுக்குகிறாள்.

வாசல்படி:

அது நல்ல செய்தி தம்பி. அந்த ஷெயர்ட் லைவ்ஸ் பற்றி நாளைக்கே கேட்டுப் பார்க்கிறேன். தனி வீடு விஷயத்தில் என் மனது இன்னும் ஒப்பவில்லை, அதை மறைக்க மாட்டேன்.

கரையோரம்:

ஒப்ப வேண்டியதும் இல்லை ஐயா. ஆனால் பேத்தியிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

வெள்ளைச்சுவர்:

பணத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. நான் என் தம்பியின் விவகாரங்களைப் பார்க்கிறேன். பலர் 18-க்குப் பிறகுதான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

தம்பியின் பெயரில் சைல்டு டிரஸ்ட் ஃபண்ட் இருந்தது. 2002 செப்டம்பர் 1 முதல் 2011 ஜனவரி 2 வரை பிறந்த பிள்ளைகளுக்கு அரசு தொடங்கிய சேமிப்புக் கணக்கு அது. மழைத்துளி அக்கா, உங்கள் மகனுக்கும் இருக்கக்கூடும், தேடிப் பாருங்கள். 18 ஆனதும் அந்தப் பணம் பிள்ளையுடையது. பிள்ளைக்குப் பணத்தைப் பற்றி முடிவெடுக்கும் திறன் இல்லையென்றால், பெற்றோர் கையெழுத்துப் போட்டு எடுக்க முடியாது. கோர்ட் ஆஃப் ப்ரொடெக்‌ஷனில் (முடிவெடுக்கும் திறன் இல்லாதவர்களின் விவகாரங்களைப் பார்க்கும் நீதிமன்றம்) உத்தரவு வாங்க வேண்டும். அப்பா வங்கி கவுன்டரில் நின்று, "நான் இவனைப் பெற்றவன்" என்று மூன்று தடவை சொன்னார். அந்தப் பெண்ணும் பாவம், அவரால் எதுவும் செய்ய முடியவில்லை.

இங்கே பலரும் குழப்பிக்கொள்வது இதைத்தான். பிப் (ஊனமுற்றவர்களுக்கான உதவித்தொகை), யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கான உதவித்தொகை) போன்றவற்றைப் பிள்ளைக்காக வாங்கிக்கொள்ள டிடபிள்யூபி (உதவித்தொகை தரும் அரசுத் துறை) உங்களை "அப்பாயின்டி" ஆக்கும். 16 வயது நெருங்கும்போது குழந்தைகளுக்கான டிஎல்ஏ உதவித்தொகையிலிருந்து பிப்புக்கு மாறுவார்கள், அப்போதே இதைக் கேட்பார்கள். ஆனால் அப்பாயின்டி ஆவது உதவித்தொகைக்கு மட்டும்தான். சேமிப்பு, பரம்பரைப் பணம், டிரஸ்ட் ஃபண்ட் எதுவும் அதில் வராது. அதற்குக் கோர்ட் நியமிக்கும் டெப்யூட்டி ஆக வேண்டும். டெப்யூட்டி ஆனால் வருடாவருடம் கணக்குக் காட்ட வேண்டும். பிள்ளைக்குப் புரிந்துகொள்ளும் திறன் இருந்தால் கோர்ட்டே வேண்டாம். 18 ஆனதும், தனக்காகச் செயல்பட ஒருவரை நியமிக்கும் லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னியை அவரே எழுதித் தரலாம். அது எவ்வளவோ சுலபம்.

நாங்கள் 18 முடிந்து கோர்ட்டுக்கு விண்ணப்பித்தோம், பல மாதம் காத்திருந்தோம். 16 ஆனதும் விண்ணப்பிக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது.

கரையோரம்:

இதோடு கட்டணத்தையும் சேர்த்துவிடுகிறேன். குழந்தைகள் பிரிவில் பெரும்பாலும் யாரும் காசு கேட்டிருக்க மாட்டார்கள். அடல்ட் பக்கம் கேட்பார்கள், முதல் பில் வரும்போது பலர் அதிர்ந்துபோகிறார்கள். பார்ப்பது பிள்ளையின் வருமானத்தையும் சேமிப்பையும் மட்டும்தான், பெற்றோருடையது வராது. பிள்ளை பெயரில் 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் முழுச் செலவையும் கட்டச் சொல்லலாம். 14,250-க்குக் கீழே இருந்தால் சேமிப்பைத் தொட மாட்டார்கள். பாட்டி தாத்தா ஆசையாகப் பேரன் பெயரில் போட்டு வைக்கும் பணம் இந்தக் கணக்கில்தான் வந்து விழும். போடுவதற்கு முன்னால் டிரஸ்ட் பற்றி வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள்.

பிப்பின் மொபிலிட்டி பகுதி கணக்கில் வராது. டெய்லி லிவிங் பகுதி வரும். அதனால் ஊனத்தின் காரணமாக ஆகும் கூடுதல் செலவுகளுக்கு ரசீது வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் துவையல், பேட், கிழித்துவிடும் உடைகள், சிறப்பு உணவு எல்லாம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் காட்டினால்தான் கழிப்பார்கள்.

வெள்ளைச்சுவர்:

மருத்துவப் பக்கமும் ஒன்று. தம்பிக்கு 18 வரை எல்லாவற்றுக்கும் ஒரே குழந்தை மருத்துவர். அப்புறம் வலிப்புக்கு ஒருவர், குடலுக்கு ஒருவர், மனநலத்துக்கு ஒருவர். ஒருவர் எழுதுவது அடுத்தவருக்குத் தெரியாது. பெரியவர்கள் வார்டில் முதல் தடவை சேர்த்தபோது அம்மாவுக்குக் கட்டில் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலியில் 3 இரவு உட்கார்ந்திருந்தார். நர்ஸ் வந்து தம்பியிடம் "வலி 1 முதல் 10-ல் எவ்வளவு?" என்று கேட்டார். அவன் 10 என்றான். அவனுக்குப் பிடித்த எண் 10.

ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) லர்னிங் டிசபிலிட்டி (கற்றல் குறைபாடு) பதிவேட்டில் பெயர் சேர்த்துவிடுங்கள். 14 வயதிலிருந்து வருடத்துக்கு ஒரு முழுப் பரிசோதனை கிடைக்கும். பல குடும்பங்கள் இதைக் கேட்டதே இல்லை. அப்புறம் ஹாஸ்பிடல் பாஸ்போர்ட் ஒன்று எழுதி வையுங்கள். வலித்தால் முகம் எப்படி மாறும், மாத்திரையை எதோடு விழுங்குவார், யாரைத் தொட விடுவார் என்று. தம்பியுடையதில் முதல் வரி: "வலித்தால் பேச மாட்டான், இடது காதை இழுப்பான்."

கரையோரம்:

உடல்நலத் தேவை மிக அதிகமுள்ள பிள்ளைகளுக்கு என்ஹெச்எஸ் கன்டினியூயிங் ஹெல்த்கேர் (பராமரிப்புச் செலவை அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸே ஏற்பது) தனி வழி. தேசிய வழிகாட்டுதல்படி 14-ல் அடையாளம் காண வேண்டும், 16-ல் முறைப்படி பரிந்துரைக்க வேண்டும், 17-ல் தகுதியைக் கொள்கையளவில் முடிவு செய்ய வேண்டும். மழைத்துளி அக்கா, வலிப்பு இரவிலும் வருகிறது என்றால் அதைக் கேட்டு வையுங்கள்.

ஈஎச்சிபி (கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றுக்குமான சட்டபூர்வத் திட்டம்) பற்றியும் ஒரு வரி. அது 25 வயதுவரை தொடரலாம், ஆனால் தானாகத் தொடராது. அதே சமயம் 19 ஆகிவிட்டது என்ற காரணத்துக்காக மட்டும் நிறுத்தவும் முடியாது. கல்லூரி வாரத்துக்கு 3 நாள் என்றால் மீதி 2 நாளுக்கு யார் என்பதை அடல்ட் டீம் மதிப்பீட்டிலேயே கேளுங்கள்.

மழைத்துளி:

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். கேட்டவர்களுக்கும் தனியாகச் செய்தி அனுப்பியவர்களுக்கும் நன்றி.

மின்னஞ்சலுக்கு 3 வாரம் பதில் இல்லை. முறையான புகார் என்று தலைப்பிட்டு மறுபடி அனுப்பினேன். பதில் சரியில்லை என்றால் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போவேன் என்றும் சேர்த்தேன். ஒரு வாரத்தில் ஆள் வந்தார். நல்லவர், இரண்டு முறை வந்தார்.

சாய்நாற்காலி தம்பி சொன்னபடி போட்டோக்கள் எடுத்தோம். மொத்தம் 14. ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்துவிட்டு வந்த பிறகு, தரையில் பரப்பினேன். நீச்சல் குளத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பேருந்தை எடுத்தான். வீட்டு மொட்டைச் சுவரை எடுத்தான், அங்கே அவன் ஏன் நிற்கிறான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரெஸ்பைட் வீட்டின் போட்டோவைத் தலைகீழாகத் திருப்பி சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் செய்தான். மூன்றாவது வாரம் அந்தப் போட்டோவை நடுவில் வைத்தேன், தேடி எடுத்து அதே இடத்தில் தள்ளினான். இந்த இரண்டு இரவைக் காப்பாற்றத்தான் நான் இங்கே முதலில் எழுதினேன். மூன்று வருடமாக, அங்கே போகும் வெள்ளிக்கிழமைகளில் அவன் ஷூ போட மறுத்ததை நான் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோஷியல் வொர்க்கரிடம் மூன்று வாரக் குறிப்பையும் கொடுத்தேன். அவர் நேரே வந்து ஒருமுறை பார்த்தார். 10-ல் 8 விஷயத்தில் தேவை உண்டு என்று எழுதியிருக்கிறார். ஜாக்கெட் பத்தி அப்படியே இருக்கிறது. ரெஸ்பைட் வீட்டுக்குப் பதிலாக, மாதத்தில் 3 இரவு வீட்டிலேயே விழித்திருந்து பார்க்கும் பிஏ. வாரத்துக்கு 14 மணி நேரம் பகல் உதவி, அதில் இரண்டு நீச்சல். புதுத் திட்டம் தொடங்கும்வரை பழையது நிற்காது என்று எழுத்தில் வாங்கிவிட்டேன்.

டிரஸ்ட் ஃபண்டும் இருந்தது. கோர்ட் படிவம் பாதி நிரப்பியிருக்கிறேன்.

இப்போது பிஏ தேட வேண்டும். ஆண், 20-களில் இருந்தால் நல்லது, தண்ணீரில் இறங்கத் தயங்காதவர், வலிப்பு மருந்து கொடுக்கப் பயிற்சி எடுக்கச் சம்மதிப்பவர். விளம்பரத்தில் அவனைப் பற்றி எவ்வளவு எழுதலாம்? நேர்காணலில் அவனையும் உட்காரவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதைச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சாய்நாற்காலி:

நான் செய்திருக்கிறேன் ஆன்ட்டி. மூன்று பேரைப் பார்த்தேன். இரண்டு பேர் அம்மாவிடம் பேசினார்கள், ஒருவர் என் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து நான் தட்டச்சு செய்து முடிக்கும்வரை காத்திருந்தார். ஐந்து வருடமாக அவர்தான் வருகிறார். விளம்பரத்தில் நீச்சலையும் பேருந்தையும் முதலில் எழுதுங்கள், வலிப்பை இரண்டாவது பத்தியில் எழுதுங்கள். நேர்காணலைக் குளத்துப் பக்கத்திலேயே வைக்க முடியுமா என்று பாருங்கள். என் பழைய விளம்பரத்தைத் தேடி எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.